மாத்திரை கரையாத காரணம்

நீச்சல் குளத்தைக் கை வேக்குவத்தால், அதாவது கம்பு முனையில் தூசு உறிஞ்சும் கருவியால், சுத்தம் செய்கிறவன் அவசரப்படக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நீங்கள் விட்டுப்போன படிவத்தில் ‘மாத்திரை கரையாததற்குக் காரணம் (வாடிக்கையாளரின் கருத்து)’ என்ற தலைப்புக்குக் கீழே மூன்றே மூன்று கோடுகள்தான் இருக்கின்றன. மூன்று கோட்டுக்குள் உண்மையைச் சொல்வதும் ஒருவகை அவசரம்தான். ஆகவே தனித்தாள்கள் இணைத்திருக்கிறேன். பக்க எண் போட்டிருக்கிறேன்.

நேற்று நீங்கள் எங்கள் குளத்தில் மிதக்கும் குளோரின் மாத்திரை டப்பாவைத் திறந்தீர்கள். உள்ளே பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மறுபடி உள்ளே பார்த்தீர்கள். “இது என்னங்க பெரியவரே?” என்று கேட்டீர்கள். “எழுதித் தர்றேன்” என்றேன். வீட்டில் யாரையும் கூப்பிடாமல், குரலை உயர்த்தாமல், “நாளைக்குப் பத்து மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்” என்று படிவத்தை வைத்துவிட்டுப் போனீர்கள். கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். அந்த மரியாதைக்காகவே எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்களுக்கு மாத்திரை கொண்டுவந்து தருகிற உங்கள் ஆளை, கரையாத மாத்திரை விற்றார் என்ற புகாரில் வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் அவருக்கு மாத்திரைக்காரர் என்றே பெயர். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அவருடைய மாத்திரைகள் அருமையாகக் கரையும். வாளித் தண்ணீரில் ஒன்றைப் போட்டு நானே பார்த்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. முப்பத்தெட்டு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். நானும் என் மனைவியும் மகள் வீட்டில் இருக்கிறோம். வாடகை வீடு. இரண்டு வருட ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அடுத்து போகப்போவது நாலாவது மாடியில் ஒரு வீடு. அங்கே தண்ணீர் என்றால் குழாயில் வருவதுதான். இங்கே இருக்கும் குளம் எட்டு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம். ஒரு கோடியில் இடுப்பளவு ஆழம். மறு கோடியில் என் தலைக்கு மேல் ஒரு சாண். வந்த அன்றைக்கே அளந்துவிட்டேன்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் சுத்தம் செய்கிறவருக்குத் தன் வீட்டுக் குளத்தைச் சுத்தம் செய்ய நேரமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேக்குவத்தை எடுத்து, வீடு கூட்டுகிற மாதிரி விசுக் விசுக்கென்று தள்ளினார். பத்தே நிமிடம். அடியில் அதுபாட்டுக்குப் படுத்துக் கிடந்த தூசெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. குளம் பால் விடாத டீ மாதிரி ஆனது. “மாமா, இது நமக்கு ஒத்து வராது. நீங்க பாத்துக்குங்க” என்று கம்பை என்னிடம் கொடுத்தார். அவர் கொடுத்தது கம்பு மட்டும் இல்லை, எனக்கு ஒரு உத்தியோகம்.

உங்களுக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் நான் செய்த முறையைச் சொல்கிறேன். முதலில் குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்ப வேண்டும். உள்ளே காற்று இருந்தால் பம்பு அதைக் குடித்துவிட்டு மூச்சு முட்டி நிற்கும். தண்ணீர் திரும்பி வரும் துளைக்கு நேராகக் குழாயின் வாயைப் பிடித்து, குமிழி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அந்த முனையை, தண்ணீரை உள்ளே இழுக்கிற ஓரத்து வாயில் சொருக வேண்டும். அப்புறம் தள்ளுவது. குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுகிற வேகம்தான். நீளவாக்கில் பதினாலு பட்டை. ஒவ்வொரு பட்டையும் முந்தின பட்டையின் மேல் நாலு விரற்கடை ஏறி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் கோடு விழும். முழுசாக முடிக்க எனக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். இதில் பெரிய சிறப்பு என்னவென்றால், எல்லாவற்றையும் கரையில் நின்றபடியே செய்யலாம். கால் நனையாது.

ஒரு வருடம் நானும் குளமும் சௌகரியமாக இருந்தோம்.

போன வருடம் என் மனைவிக்கு அறுபத்தொன்பது முடிந்தது. அன்று சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கும்போது, உப்பு எடுத்துக் கொடுக்கச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்: “அடுத்த பிறந்த நாளுக்குள்ள இந்தக் குளத்த இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் நீஞ்சிடணும்.”

மகள் கை தட்டினாள். மாப்பிள்ளை “சூப்பர் அத்தை” என்றார். நான் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். புரையேறியது.

“உனக்கு எதுக்கும்மா திடீர்னு?” என்று மகள் கேட்டாள்.

“திடீர்னு எல்லாம் இல்ல. கடலோ ஆறோ, எங்க போனாலும் நீங்க எல்லாரும் இறங்கிடுவீங்க. நான் கரையில உக்காந்து செருப்புக்குக் காவல். எத்தன பேர் செருப்பப் பாத்துக்கிட்டிருந்திருப்பேன்! ஒரே ஒரு தடவ என் செருப்ப யாராவது பாத்துக்கட்டும்.”

“நான் பாத்துக்கிறேன்” என்றேன் உடனே.

“நீங்க எதுக்குப் பாக்கணும்? நீங்க என்கூட இறங்குங்க. ஆத்தையே தாண்டுனவருக்கு எட்டு மீட்டர் என்ன, வாய் கொப்பளிக்கிற மாதிரி.”

அந்த ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு இருபத்தாறு வயதில், வெள்ளம் போன ஒரு ஆற்றை, அளவுச் சங்கிலியைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திக் கடந்ததாகவும், வழியில் அடித்துக்கொண்டு போன ஒரு கன்றுக்குட்டியைக் கரை சேர்த்ததாகவும் என் மனைவிக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாம் நாள் அவளுக்குத் தெரிய வந்தது. அப்போது ஆற்றின் அகலம் அறுபது மீட்டர். வருடம் போகப் போக ஆறு அகன்றுவிட்டது. ஆறுகளின் இயல்பு அது. கன்றுக்குட்டியும் வளர்ந்தது. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அது பசுமாடு. மாப்பிள்ளை இந்தக் குடும்பத்துக்குள் வந்தபோது ஜோடி மாடு. ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் வண்டியும் சேர்ந்துகொண்டது. அது கொஞ்சம் அதிகம் என்று பிற்பாடு நானே கழற்றிவிட்டேன்.

மறுவாரம் ஒரு கோச் வந்தாள். சின்னப் பெண். கழுத்தில் விசில். செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு வகுப்பு. என் மனைவி முழுக்கை நீச்சல் உடையும் மஞ்சள் ரப்பர் தொப்பியும் வாங்கி வந்தாள். அந்தத் தொப்பியில் அவளைப் பார்க்க, உறை போடாத எலுமிச்சம்பழ மிட்டாய் மாதிரி இருந்தது. இதை அவளிடமும் சொன்னேன். ரசித்தாள்.

நான் ஒன்றும் அவளைத் தடுக்கவில்லை. இதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன். ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. சுத்தமில்லாத தண்ணீரில் அவளை எப்படி இறங்கச் சொல்வது என்று மட்டும்தான் யோசித்தேன். அதனால் செவ்வாயும் வெள்ளியும் ஒன்பதரைக்கு வேக்குவத்தைப் போட ஆரம்பித்தேன்.

குழாய் கிடக்கும்போது குளத்துக்குள் ஆள் இறங்கக் கூடாது. கால் சிக்கும். கோச்சே ஒத்துக்கொண்டாள்.

“சார், இன்னும் எவ்வளவு நேரம்?”

“ஏழாவது பட்டையில இருக்கேம்மா.”

“மொத்தம் எத்தனை சார்?”

“நீளவாக்குல பதினாலு. அப்புறம் குறுக்குவாக்குல இருபத்தெட்டு.”

அவள் விசிலை வாயில் வைத்து, ஊதாமல், சும்மா கடித்துக்கொண்டு நின்றாள். என் மனைவி நீச்சல் உடையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது வாரம் சொன்னாள்: “ஏங்க, பெருக்கி முடிச்சதும் ஒரு குரல் குடுங்க. நான் அடுத்த ஜென்மத்துல வந்து நீஞ்சிக்கிறேன்.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒருவேளை நான் நிறுத்தியிருப்பேன். தவறு அவள் மீதும் கொஞ்சம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. மகள் கெட்டிக்காரி. வகுப்பைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றிவிட்டாள். நாலு மணி வரைக்கும் பட்டை போட்டுக்கொண்டிருக்க எந்தக் குளத்திலும் தூசு கிடையாது. அப்போதுதான் மாப்பிள்ளையின் பாணி நினைவுக்கு வந்தது. மூன்றே முக்காலுக்கு வேக்குவத்தை அடியில் வைத்து ஒரே ஒரு இடி. விசுக். அவ்வளவுதான். குளம் கலங்கி நாலு மணிக்கு டீ தயாராக இருக்கும்.

முதல் தடவை கை தவறித்தான் நடந்தது. மற்ற இருபத்தாறு தடவையும் அப்படி என்று சொல்லமாட்டேன்.

“அடடா, கை நடுங்கிடுச்சு” என்பேன். வயதானவன் கை நடுங்குவது உலகத்தில் யாரும் சந்தேகப்படாத விஷயம். என் மனைவி ஓடி வந்து என் கையைப் பிடித்துத் தேய்த்துவிடுவாள். “போனாப் போகுது, வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்” என்பாள். அவள் தேய்த்துவிட்டது இதமாக இருந்தது. அதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இதற்குள் ஒரு சிக்கல் வந்தது. வேலை சுத்தமாகச் செய்கிறவனுக்கு மட்டுமே வரக்கூடிய சிக்கல். காலையில் நான் போட்ட பட்டைகளால் குளத்தின் அடி பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. இடித்தால் எழுந்துகொள்ள ஒரு துரும்பு இல்லை. ஒருநாள் மூன்றே முக்காலுக்கு நாலு தடவை இடித்தும் தண்ணீர் அசையாமல் என்னைப் பார்த்தது. அன்று வகுப்பு நடந்தது. அவள் படியில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தொடர்ந்து இருபது நிமிடம் சிரித்தாள். தண்ணீரில் முகத்தை வைத்துக் குமிழி விட்டாள். “ஏங்க, வாங்களேன். ஒரு கைய மட்டும் பிடிச்சிக்குங்க. காலத் தூக்கிப் பாக்குறேன்” என்று என்னைக் கூப்பிட்டாள்.

“குழாயைச் சுருட்டணும்” என்றேன்.

அடுத்த நாள் பூந்தொட்டி மண்ணில் ஒரு கூடை எடுத்து வெயிலில் காயவைத்தேன். இடித்தேன். என் பழைய பனியனில் போட்டு வஸ்திரகாயம் செய்தேன். மருந்துக்குச் சலிக்கிற மாதிரி, தொட்டால் தெரியாத பதம். அதை ஒரு காலி முகப்பவுடர் டப்பாவில் அடைத்து வைத்துக்கொண்டு, குளத்தைச் சுற்றி நடைப்பயிற்சி போகும்போது இரண்டு சுற்றுக்கு ஒரு தூவல். உடம்புக்கும் நல்லது.

குளத்தில் தினம் மண் எப்படி வருகிறது என்று வீட்டில் ஒரு விசாரணை நடந்தது. அடுத்த வீட்டு நாய் வேலிக்குப் பக்கத்தில் குழி பறிக்கிற பழக்கம் உள்ளது. சந்தேகம் அதன் மேல் போனது. அது நானாகச் சொன்னதில்லை. “நாயாய் இருக்குமோ?” என்று மகள் கேட்டாள், “நாய்க்கும் வாய்ப்பிருக்கு” என்றேன். நாயைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வேலி வழியாக அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். அது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

இந்த மாதங்களில் என் மனைவி சும்மா இருக்கவில்லை. கோச் கரையிலேயே வைத்து அவளுக்குக் கை வீச்சும் கால் அடிப்பும் மூச்சு எடுப்பதும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். அதைத் தினம் இரண்டு வேளை எங்கள் அறையில், கட்டிலின் குறுக்கே குப்புறப் படுத்துச் செய்வாள். மஞ்சள் தொப்பியோடு. நான் நாற்காலியில் பேப்பர் படிப்பேன். அவள் தலை வலது பக்கம் திரும்பும், ‘ஹா’ என்று மூச்சை இழுக்கும், திரும்ப மெத்தைக்குள் போகும். கட்டில் கிறீச்சிடும். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டிலிலேயே அவள் பக்கத்து ஊருக்குப் போய்த் திரும்பியிருப்பாள்.

எட்டாவது மாதம் கோச் ஒரு தவறு செய்தாள். “சார், மண் கலங்கலா இருந்தா ஒண்ணும் ஆகாது. கிருமி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மருந்து அளவு சரியா இருந்தா அம்மாவை இறக்கிடலாம்” என்றாள். மருந்து அளவுதான் ஒரே தடை என்று அந்தப் பெண்ணாகவே எனக்கு எடுத்துக் கொடுத்தாள். அதுவரைக்கும் நான் உங்கள் மாத்திரைகளைத் தொட்டதில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாத்திரை வெள்ளை. வட்டம். ஓரம் கொஞ்சம் மழுங்கினது. எங்கள் வீட்டில் ஒரு கேரம் போர்டு இருக்கிறது. மேலே நான் விளக்க வேண்டியதில்லை. டப்பாவைத் திறந்தவர் நீங்கள்.

திங்கட்கிழமை தோறும் டப்பாவில் ஒன்று போடுவது என் பொறுப்பு. “மாமா, போட்டுட்டீங்களா?” என்று மாப்பிள்ளை கேட்பார். “போட்டுட்டேன் மாப்பிள்ளை” என்பேன். அதில் பொய் இல்லை. போட்டிருந்தேன். “வெள்ளைதானே?” என்று அவர் கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்கள் மாத்திரைகளை நான் திருடவில்லை. ஷெட்டில் ஒரு மூடி போட்ட வாளியில் முழுசாக இருக்கின்றன. வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்த ஒன்றைக் கழித்துக்கொண்டு எண்ணிக்கொள்ளலாம்.

சாயங்காலம் நானும் என் மனைவியும் கேரம் ஆடுவது வழக்கம். “ஏங்க, வெள்ளைக் காய் ஒவ்வொண்ணா குறையுதே?” என்றாள். “எங்கயும் போயிருக்காது, வீட்டுக்குள்ளதான் இருக்கும்” என்றேன். குறைந்த காய்களுக்குச் சட்டைப் பொத்தான் வைத்து ஆடினோம். பொத்தான்களை வைத்தும் அவள்தான் ஜெயித்தாள்.

ஒன்பது வாரத்தில் வெள்ளை தீர்ந்தது. பத்தாவது திங்கட்கிழமை கறுப்பை எடுத்தேன். எடுத்ததும் மனசு ஒப்பவில்லை. வெள்ளை மாத்திரைக்குப் பதிலாகக் கறுப்பைப் போடுவது மோசடி. ஆகவே சிவப்பைப் போட்டேன்.

குளம் முதலில் இளம்பச்சை ஆனது. அப்புறம் பச்சை. அப்புறம், பெயிண்டுக் கடையில் அட்டை காட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வார்களே, அதில் கடைசி வரிசைப் பச்சை. கோச் ஒரு காகிதத் துண்டை நனைத்துப் பார்த்து, “மருந்தே இல்ல சார் இதுல” என்றாள். மாப்பிள்ளை டப்பாவைத் தூக்கி ஆட்டினார். கடகடவென்று சத்தம் கேட்டது. “மாத்திரை நிறைய இருக்கு. கரையவே இல்ல!” என்றார். புகார் அப்படித்தான் உங்கள் கம்பெனிக்கு வந்தது. மாத்திரைக்காரர் மூன்று தடவை வந்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “இருபது வருஷத்துல இப்படிப் பாத்ததில்லைங்களே” என்றார். டப்பாவைத் திறந்து பார்த்திருப்பார். ஆனால் அதன் மேல் அப்போது ஒரு தவளை குடியேறியிருந்தது. அவருக்குத் தவளை ஆகாது. தவளையை நான் கொண்டுவரவில்லை. அது தானாக வந்தது.

எழுபதாவது பிறந்த நாள் இந்த மாதம் இருபத்தெட்டு, அதாவது நாளை மறுநாள். முந்தாநாள் காலையில் சாமான்களை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோச்சை இனி வர வேண்டாம் என்று மகள் சொல்லியாகிவிட்டது. நான் குளக்கரையில் நின்று சும்மா ஒரு பட்டை போட்டுக்கொண்டிருந்தேன். பழக்கம். ஒரு பெரிய காரியம் நல்லபடியாக முடிகிற நிம்மதி மனசில் இருந்தது.

செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினால் முழுக்கை உடை, மஞ்சள் தொப்பி. செருப்பைக் கழற்றி என் காலுக்குப் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள்.

“பாத்துக்குங்க” என்றாள்.

“ஏம்மா, தண்ணி பச்சையா இருக்கு.”

“பச்சையா இருந்தா நனையாதா?”

“தவளை இருக்கு.”

“அதுக்கு நீச்சல் தெரியும். நீங்க கவலப்படாதீங்க.”

படியில் இறங்கினாள். குழாயைக் காலால் ஒதுக்கினாள். நான் பேசுவதற்குள் சுவரை உதைத்துக் கிளம்பிவிட்டாள். கட்டிலில் பார்த்த அதே கை வீச்சு. அதே ‘ஹா’. கிறீச் சத்தம் மட்டும் இல்லை. நான் கரையோடு கூடவே நடந்தேன், கையில் கம்பு. ஒரு மீட்டர். இரண்டு. மூன்று. ஐந்தாவது மீட்டரில், ஆழம் தொடங்குகிற இடத்தில், வலது பக்கம் திரும்ப வேண்டிய தலை திரும்பவில்லை. தொப்பி உள்ளே போனது.

உங்கள் படிவத்தில் கேட்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

நான் குதிக்கவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. அந்த ஆற்றை நான் பாலத்தின் மேல் கடந்தேன். கையில் குடை இருந்தது. கன்றுக்குட்டி அக்கரையில் புல் மேய்ந்துகொண்டிருந்தது; அதற்கு எந்த ஆபத்தும் இல்லை. சங்கிலியைப் பல்லில் கடித்தது மட்டும் உண்மை, மூக்கு அரித்ததால்.

தண்ணீருக்குள் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. பதினொரு மாதம் பாடுபட்டுக் கலக்கின தண்ணீர். நல்ல வேலை. கை நுழைத்தால் முழங்கை தெரியாது. அந்த மஞ்சள் தொப்பிகூடத் தெரியவில்லை. கூப்பிட்டிருக்கலாம், வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். கூப்பிட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. கை மட்டும் தெரிந்த வேலையைச் செய்தது. வேக்குவத்தை அவள் போன இடத்தில் இறக்கி, பட்டை பட்டையாகத் தேட ஆரம்பித்தேன். மெதுவாகத்தான். ஒவ்வொரு பட்டையும் முந்தின பட்டையின் மேல் நாலு விரற்கடை ஏறி நின்றது. அவசரப்பட்டால் கலங்கிவிடுமே என்று பயம். கலங்குவதற்கு அதில் இனி இடமில்லை என்பது அப்போது தோன்றவில்லை.

மூன்று பட்டை முடித்திருந்தேன்.

“அங்க என்ன தேடுறீங்க?”

அடுத்த கோடியில், கரைக் கல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். தொப்பியின் மேல் பாசி. மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு.

“ஒரு இலை கிடந்தது” என்றேன்.

“எட்டு மீட்டர்! முழு எட்டு! நடுவுல ஒரு தடவ முங்கிட்டேன், பாத்தீங்களா? பயமே இல்ல. உள்ளேயே காலடிச்சு வந்துட்டேன்.” கரையேறி உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றிப் பாசியை உதறினாள். அப்புறம் கேட்டாள்: “ஏங்க, நான் முங்கினப்ப நீங்க ஏன் குதிக்கல?”

என் ஆயுளில் இதைவிட நேரான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அவள் செருப்பை எடுத்துக் கொண்டுபோய்க் காலடியில் வைத்தேன். குனிந்திருந்தபோது பதில் கிடைத்தது.

“குதிச்சிருந்தா, நீ தனியா நீஞ்சினதா ஆகியிருக்குமா?”

அவள் கண் கலங்கிவிட்டது. அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மகளிடம் சொன்னாள். மாப்பிள்ளையிடம் சொன்னாள். கோச்சுக்குப் போன் போட்டுச் சொன்னாள்: “ஆறு தாண்டுன மனுஷன். கை துடிச்சிருக்கும். இருந்தும் குதிக்கல பாரு. என் மேல அவ்வளவு நம்பிக்கை.” நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடி தெரிகிற தெளிந்த தண்ணீராக இருந்திருந்தால், ஆழம் தொடங்குகிற இடத்தைப் பார்த்து அவள் பயந்து திரும்பியிருப்பாள். பதினொரு மாதம் நான் அந்த ஆழத்தை அவள் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருக்கிறேன். ஒரு கோச்சால் முடியாததை ஒரு வேக்குவம் செய்திருக்கிறது. இந்த எண்ணம் வந்த பிறகு நன்றாகத் தூங்கினேன்.

நீங்கள் வந்தது அதற்கு மறுநாள்.

ஆக, காரணம் இதுதான்: கேரம் காய் தண்ணீரில் கரையாது. மூன்று கோட்டுக்குள் எழுத வேண்டுமென்றால் இதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரைக்காரரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுங்கள். என் மேல் என்ன நடவடிக்கையோ எடுங்கள். இந்தத் தாள்களை மட்டும் என் மனைவியிடம் காட்ட வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. இப்போதுதான் நீந்தத் தொடங்கியிருக்கிறவளின் தைரியம் குலைந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன விஷயம். புதுவீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பொது நீச்சல் குளம் இருக்கிறது. ஐம்பது மீட்டர். என் மனைவி நேற்றே போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பதிக்குச் சலுகை என்று என் பெயரையும் சேர்த்தே கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பேரும் போகிறோம். “நீங்க ஆத்துல நீஞ்சினதப் பாக்கல, அங்கயாவது பாக்குறேன்” என்கிறாள். நானும் இன்று காலை அங்கே போய், துப்புரவுக்குச் சம்பளம் இல்லாத தொண்டனாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். அத்தனை பேர் இறங்குகிற இடம். ஒரு அனுபவஸ்தன் கூட இருப்பது பாதுகாப்பு. அந்தக் குளத்துக்கு மாத்திரை கொடுப்பதும் உங்கள் கம்பெனிதான் என்று அங்கே சொன்னார்கள். வாரத்துக்கு எத்தனை போடுகிறீர்கள், என்ன அளவு, என்ன நிறம் என்பதைக் கொஞ்சம் எழுதிக் கொடுத்தால், உங்களுக்கும் எனக்கும் பிற்பாடு தொந்தரவு இருக்காது.